மியூட் பொத்தானும் சென்டர் கோர்ட்டும்



இன்னும் சில வாரங்களில் நம் விம்பிள்டன் மறுபடியும் டென்னிஸ் ஊராகிவிடும். சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் கூட்டம், விம்பிள்டன் பார்க்கில் கூடாரம் போட்டு வரிசைக்குக் காத்திருப்பவர்கள், நிற்க இடமில்லாத 493 பஸ். 2022 முதல் நடு ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் உண்டு என்று ஆகிவிட்டதால், ஆராதனைக்குக் காரில் வருகிறவர்கள் நிறுத்த இடம் தேடியே முதல் பாட்டைத் தவறவிடுகிறார்கள். அதற்கு முன்பு அந்த ஞாயிறு பெரும்பாலும் ஓய்வுநாளாகவே இருந்தது. அந்தக் காலத்தை நினைத்து நம் மூப்பர்கள் விடும் பெருமூச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்படிப்பட்ட ஒரு நடு ஞாயிறு, 2025 ஜூலை 6. அன்று சென்டர் கோர்ட்டில் நடந்ததைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். டென்னிஸ் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் நம் ஆலயத்தின் பின்வரிசையில் இருக்கும் கணினி மேசைக்குத்தான் வந்து சேரும்.

விம்பிள்டன் போட்டி 1877-இல் தொடங்கியது. கோட்டருகே குனிந்து நின்று, பந்து வெளியே விழுந்தால் “அவுட்” என்று குரல் கொடுக்கும் கோட்டு நடுவர்கள் 2025-இல்தான் முதன்முறையாக இல்லாமல் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக ஹாக்-ஐ என்ற கேமரா ஏற்பாடு வந்தது. பந்து வெளியே விழுந்தால் பதிவு செய்து வைத்த ஒரு குரல் “அவுட்” என்கிறது. உள்ளே விழுந்தால் ஒன்றும் சொல்வதில்லை. இந்த ஒன்றும் சொல்லாமல் இருப்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ரஷ்யாவின் அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவும் இங்கிலாந்தின் சோனே கார்ட்டலும் நான்காவது சுற்றில் ஆடினார்கள். முதல் செட், 4-4. பாவ்லியுசென்கோவா சர்வ் செய்கிறார். இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் அந்த கேம் அவருடையது. கார்ட்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. குரல் மட்டும் வரவில்லை. ஆட்டம் நின்றது. நடுவர் தொலைபேசியில் விசாரித்தார். கடைசியில், விதிப்படி, அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார். திரும்ப ஆடியதில் பாவ்லியுசென்கோவா புள்ளியையும் இழந்தார், அந்த கேமையும் இழந்தார். எதிராளி உள்ளூர்ப் பெண் என்பதால் தன் கேமைப் பறித்துக்கொண்டார்கள் என்று அவர் அங்கேயே நடுவரிடம் குமுறினார். பிறகு 7-6, 6-4 என்று அவரே ஜெயித்தார் என்பது வேறு கதை.

போட்டியை நடத்தும் கழகம் பிறகு விளக்கம் தந்து, இரண்டு வீராங்கனைகளிடமும் மன்னிப்புக் கேட்டது. கருவியில் கோளாறு ஒன்றும் இல்லையாம். அதை இயக்கியவர்கள் தவறுதலாக, மைதானத்தில் ஒரு பக்கத்தின் ஒரு பகுதிக்கு மட்டும், பந்தைக் கவனிக்கும் வேலையை அணைத்துவிட்டார்கள். முழுதாக ஒரு கேம் நேரம் அது அணைந்தே இருந்தது. அதற்குள் மூன்று பந்துகள் தப்பின. இரண்டை நாற்காலி நடுவரே கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார். மூன்றாவதுதான் பிரச்சினையானது. கருவி அணைந்திருக்கிறது என்று அந்த நடுவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் இந்தச் செய்தியைப் படித்தபோது, “ஒரு பொத்தானைக் கூடவா கவனிக்கமாட்டார்கள்?” என்று நானும்தான் நினைத்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வேறொன்று உறைத்தது. பந்து உள்ளே விழுந்தாலும் மௌனம். கருவி அணைந்திருந்தாலும் மௌனம். இரண்டுக்கும் ஒரே சத்தம், அதாவது சத்தமே இல்லை. அப்படியானால் அது அணைந்திருக்கிறது என்று யாருக்கு எப்படித் தெரியும்?

பழைய கோட்டு நடுவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பந்து கோட்டை ஒட்டி உள்ளே விழுந்தால் உள்ளங்கைகளைத் தரைப்பக்கமாகத் தாழ்த்திக் காட்டுவார்கள்: நல்ல பந்து, நான் பார்த்தேன். ஆட்டக்காரர் குறுக்கே வந்து பந்து தெரியாமல் போனால் இரண்டு கைகளையும் கண்களுக்கு முன்னால் வைப்பார்கள்: நான் பார்க்கவில்லை, நீங்கள் தீர்மானியுங்கள். உடனே நாற்காலி நடுவர் பொறுப்பை எடுத்துக்கொள்வார். “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்ல மனிதனுக்கு ஒரு சைகை இருந்தது. அன்றைய கேமில் கருவியிடமிருந்து அப்படி ஒரு சைகை நடுவருக்கு வரவில்லை.

இனி நம் மேசைக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் நடந்தது பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் பாதிக் கதை மட்டும் கேட்டவர்களுக்காகவும் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான். இயர் டென் படிக்கிறான், அது போதும்.

நம் நேரலையில் விண்ணப்ப ஜெப நேரத்தில் ஒலியை நிறுத்துவது வழக்கம். யாருக்கு என்ன வியாதி, எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் இணையத்தில் போகக்கூடாது. ஒரு செவிலியாக நான்தான் இதை வற்புறுத்தினேன். ஆகவே போதகர் ஐயா கையைக் காட்டியதும் தம்பி மியூட் பொத்தானை அழுத்தினான். அது சரி. ஜெபம் முடியும் தறுவாயில், பாட்டு நடத்துகிறவர் திரும்பிப் பார்த்து, காணிக்கைப் பாட்டை மாற்றச் சொன்னார். அதுவும் நம் சபையில் புதிதல்ல! தம்பி புதுப் பாட்டைத் தேடினான். தட்டினால் கிடைக்கவில்லை. காரணம், நம் பழைய பாட்டுகள் பல பாமினி எழுத்துருவில் தட்டி வைத்தவை. யூனிகோடில் தமிழ் அடித்துத் தேடினால் அவை அகப்படாது. பக்கம் பக்கமாகத் தள்ளித் தேடி, “ஆமென்” சொல்லி முடிப்பதற்குள் பல்லவியைத் திரையில் ஏற்றிவிட்டான். அவனை மெச்சத்தான் வேண்டும். ஆனால் மியூட்டை எடுக்க மறந்துவிட்டான்.

ஆலயத்துக்குள் இருந்த நமக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. நேரலையில் பிரசங்கம் முழுவதும் சத்தமில்லாமல் போனது. அன்று ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் நினைவு நாளுக்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்திருந்தது. போதகர் ஐயா பிரசங்கத்தின் நடுவே அவரைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசினார். அங்கே பாளையங்கோட்டையில் மத்தியானம் மூன்றரை மணிக்கு மேல், பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, பாட்டி டிவி முன்னால் இருந்திருக்கிறார்கள். வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். “லண்டன்ல மௌன ஜெபம் நடக்குது போல” என்று யாரோ சொன்னார்களாம். பதிவிலும் ஒலி இல்லை. இனி அதைக் கேட்க வழியில்லை.

ஆராதனை முடிந்து டீ வரிசையில், எல்லார் முன்பும், பெரியவர் ஒருவர் தம்பியிடம் கேட்டார்: “ஒரு பொத்தானைப் பாத்து அமுக்கத் தெரியாதா?” அவருக்கும் வருத்தம்தான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு நான்கு வாரம் அவன் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது.

ஐந்தாவது வாரம் அவனைப் பிடித்து உட்கார வைத்துப் பேசினேன். “அக்கா, நான் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பாத்தும் தெரியல” என்றான். இருவரும் போய் மேசையில் உட்கார்ந்து பார்த்தோம். மியூட் ஆனதற்கு அடையாளம் என்ன? திரையின் ஒரு கீழ் மூலையில், சுண்டுவிரல் நகம் அளவில், ஒரு ஸ்பீக்கர் படம் நிறம் மாறுகிறது. அவ்வளவுதான். பாட்டு வரிகள் ஓடுவது வேறு கணினியில். அவன் கண் இருந்தது அந்தக் கணினியில். ஜெப நேரத்தில் சத்தம் வந்துவிடக்கூடாது என்று இந்தக் கணினியின் ஸ்பீக்கரை நாமே எப்போதும் அணைத்து வைத்திருக்கிறோம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கும் தெரிந்திருக்காது.

மருத்துவமனையில் எனக்குப் பழக்கமான கருவிகள் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து இங்கே வந்த புதிதில், ஒரு நோயாளிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சிரிஞ்ச் பம்பை, குழாயைச் சரி செய்வதற்காக நிறுத்தினேன். அதே நேரம் எதிர்க்கட்டிலில் ஒரு தாத்தா எழுந்து நிற்கப் பார்த்துத் தடுமாறினார். ஓடினேன். அவரைப் பிடித்து உட்கார வைத்து, போர்வையைப் போர்த்தி, சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் பம்ப் கத்த ஆரம்பித்தது. அந்த வகைப் பம்பை நிறுத்தி வைத்தால் இரண்டு நிமிடம் போலப் பொறுக்கும். பிறகு “என்னை நிறுத்தி வைத்தாய், நினைவிருக்கிறதா?” என்று கூப்பிடும். நான் மறந்ததை அது மறக்கவில்லை. அன்றைக்கு அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இருதய மானிட்டரும் அப்படித்தான். நெஞ்சில் ஒட்டிய கம்பி கழன்றுவிட்டால் அது நேர்கோட்டைப் போட்டுவிட்டு சும்மா இருக்காது. கம்பி கழன்றிருக்கிறது என்று எழுத்தில் காட்டி, தனியாகச் சத்தம் கொடுக்கும். “இருதயம் நின்றுவிட்டது” என்பதும் “எனக்குத் தெரியவில்லை” என்பதும் ஒரே மாதிரித் தெரிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கத்த வைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். அதன் மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூன்றரை ஆண்டுகளில் அவர்களிடம் வந்த, அலாரம் சம்பந்தமான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன என்று அதில் இருக்கிறது. முக்கியமான காரணங்களில் ஒன்று, நாள் முழுதும் எதற்கெடுத்தாலும் கத்தும் கருவிகள். காது மரத்துப் போகிறது, கை தானாக நிறுத்தப் போகிறது. நாங்கள் இதை அலாரம் களைப்பு என்போம். எது கத்தவேண்டும், எது நிறத்தை மாற்றினால் போதும், எது சும்மா இருக்கலாம் என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.

நேரடி நிகழ்ச்சிக்கென்றே கருவி செய்கிறவர்கள் இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் இப்போது வெளியே போய்க்கொண்டிருக்கும் படத்துக்குச் சிவப்பு, அடுத்துப் போகக் காத்திருக்கும் படத்துக்குப் பச்சை. சின்ன ஸ்விட்சர் பெட்டிகளிலும் அப்படித்தான். நாடக அரங்கில் பச்சை விளக்கு என்றால் “செய்”, சிவப்பு என்றால் “தயாராக இரு”. இரண்டு இடத்திலும் வேலை செய்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது! நாடகங்களில் ஒலி, ஒளிக்கு அதிகம் பயன்படும் கியூலேப் என்ற மென்பொருளில் “கோ” என்று ஒரு பெரிய பொத்தான் இருக்கிறது. பதற்றத்தில் அதை இரண்டு முறை அழுத்திவிட்டால், குறித்து வைத்த நேரத்துக்குள் வரும் இரண்டாவது அழுத்தலைக் கண்டுகொள்ளாமல் விடும்படி அமைக்கலாம். நிகழ்ச்சி தொடங்கியதும் “ஷோ” நிலைக்கு மாற்றிவிட்டால், தெரியாமல் கை பட்டு எதுவும் மாறாது. கை நடுங்கும் என்று தெரிந்தவர்கள் செய்த கருவி அது.

நாம் பயன்படுத்தும் பாட்டு மென்பொருள்களோ முதல் பத்தி, இரண்டாம் பத்தி என்று வரிசையாகப் போகும் ஆங்கிலப் பாட்டுக்குத்தான் ஒத்துவருகின்றன. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பல்லவிக்குத் திரும்பவேண்டும். எத்தனை முறை என்பது பாடுகிறவரின் மனநிலையைப் பொறுத்தது. ஒரு சாவியில் பல்லவிக்குத் தாவ வழி இல்லாவிட்டால், பின்னால் இருக்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் எலியைப் பிடித்துக்கொண்டு தேடவேண்டும். முன்னால் இருக்கும் நாம் திரும்பிப் பார்த்து முறைப்போம்.

திரும்பவும் டென்னிஸுக்கு வருகிறேன், அதை விட்ட இடம் இன்னும் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கழகம் செய்தது என்ன? மனிதத் தவறு என்று சொன்னார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. பந்தைக் கவனிப்பதை இயக்குகிறவர்கள் கையால் அணைக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அழுத்தியவர் யார் என்று ஊரறியச் சொல்லவும் இல்லை. இரண்டையும் நான் மதிக்கிறேன். எங்கள் வார்டிலும் ஒரு பிழை நடந்தால் “யார்?” என்பதற்கு முன்னால் “எப்படி?” என்று கேட்கப் பழக்குகிறார்கள். எல்லா நாளும் அப்படியே நடக்கிறது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் பொத்தானை எடுத்துவிட்டால் கதை முடிந்ததா? இரண்டே நாளில், ஜூலை 8 அன்று, முதலாம் கோர்ட்டில் டெய்லர் ஃபிரிட்ஸும் கரேன் கச்சனோவும் பந்தை மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கும்போதே கருவி “ஃபால்ட்” என்று குரல் கொடுத்தது. அது சர்வுக்குச் சொல்லவேண்டிய வார்த்தை. ஃபிரிட்ஸ் சர்வ் செய்யத் தொடங்கியபோது, பந்து எடுக்கும் பிள்ளை இன்னும் வலையருகே கடந்துகொண்டிருந்ததால் புள்ளி தொடங்கியதையே கருவி அறியவில்லை என்று விளக்கம் வந்தது. அந்தப் புள்ளியையும் திரும்ப ஆடினார்கள். முதலில் பேசவேண்டிய நேரத்தில் மௌனம், பிறகு மௌனமாக இருக்கவேண்டிய நேரத்தில் பேச்சு. நடக்காது என்று வைத்துக்கொள்வதைவிட, நடந்தால் அந்த நிமிடமே தெரியும்படி வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

தெரிந்த பிறகு திருத்துவதற்கும் வழி கையருகே இருக்கவேண்டும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் தீவுகளில் எல்லார் போனுக்கும் ஏவுகணை வருகிறது என்று தவறான எச்சரிக்கை போனது. அது பொய் என்று இரண்டாவது செய்தி வர 38 நிமிடம் ஆனது. தவறு என்று அலுவலகத்துக்குள் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எச்சரிக்கைக்கு ஆயத்த வாசகம் இருந்தது, “அது தவறு” என்பதற்கு இல்லை. தங்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜனங்கள் அந்த 38 நிமிடத்தைக் கழித்தார்கள்.

நம் சபையிலும் சிலர் “அந்த மியூட்டையே எடுத்துவிடுங்கள்” என்றார்கள். எடுக்க முடியாது. நோயாளியின் பெயர் வெளியே போகும். ஆகவே தம்பியும் நானும், மிக்ஸர் பார்க்கும் அண்ணனும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இப்படி மாற்றினோம். இப்போது ஜெப நேரத்துக்கு ஒரே சாவி. அதை அழுத்தினால் ஒலியும் நிற்கும், படமும் மாறும். நேரலை பார்க்கிறவர்களுக்கு நீலப் பின்னணியில் பெரிய எழுத்தில் “தனிப்பட்ட ஜெப நேரம். ஒலி சற்று நிறுத்தப்பட்டுள்ளது” என்று தெரியும். இனி பாளையங்கோட்டையில் யாரும் ஊகிக்கவேண்டியதில்லை. மேசையில் இருக்கிறவனுக்கும் திரை முழுவதும் நீலமாக இருக்கும்போது மறக்க வழியில்லை. இன்னொரு சாவி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அதன் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சண்டே ஸ்கூல் ஸ்டிக்கர், அதில் ஒரு ஆட்டுக்குட்டி இருக்கிறது. ஒட்டியவனைக் கேளுங்கள். பாமினிப் பாட்டுகளையும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருகிறோம். பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. தமிழ் தட்டத் தெரிந்தவர்கள் வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

பாட்டியிடம் தம்பி போனில் பேசினான். போதகர் ஐயா தாத்தாவைப் பற்றிச் சொன்னதைத் தன் போனில் மறுபடி பேசிப் பதிவு செய்து அனுப்பினார். அன்றைய பிரசங்கம் ஆகாதுதான். பாட்டி அதைத் தினமும் போட்டுக் கேட்பதாகச் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. ஆலயத்துக்குள் இருக்கிற யாருக்கும் நேரலையின் சத்தம் கேட்காது என்பதால், வெளியே ஒரு காது தேவைப்பட்டது. மிச்சமில் ஒரு ஆன்ட்டி, முழங்கால் அறுவைக்குப் பிறகு வெளியே வர முடியாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டோம். ஆராதனை தொடங்கியதும் ஒரு முறை, ஜெப நேரம் முடிந்ததும் ஒரு முறை, தம்பியின் போனுக்கு “கேக்குது” என்று ஒரு வார்த்தை அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு வாரமும் தவறவில்லை. சில சமயம் “கேக்குது, ஆனா ஆல்டோ ரொம்ப சத்தம்” என்றும் வரும்.

போன வாரம் ஜெபம் முடிந்து மூன்று நிமிடம் ஆகியும் செய்தி வரவில்லை. தம்பி நீலத்தைப் பார்த்தான், இல்லை. ஒலி காட்டும் பட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் சரி. ஆனாலும் மேசையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வராண்டாவுக்குப் போய் ஆன்ட்டிக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். நான்காவது முறை எடுத்தார்கள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து, டிவி முன்னால் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்களாம்.

அன்புடன்,
உங்கள் நர்ஸ் அக்கா